சங்கும் துருவக் கடல் நத்தையும்: ஒரு பெயர் வரலாறு

பைராம் தோட்டத்தை அடுத்த கடலோரக் கண்டற்காடுகளில், வேர்களைப் பற்றி ஏறும் கூம்பு வடிவ நத்தை ஒன்றை மலாய்க்காரர் 'சிப்புட் செடுட்' என்பர். ஓட்டின் நுனியை வெட்டிச் சமைத்து, வாயால் உறிஞ்சி உண்பதால் வந்த பெயர் அது. 'செடுட்' என்றால் உறிஞ்சுதல். உண்ணும் முறையே அந்த உயிரைப் பிறவற்றினின்று பிரித்துக் காட்டும் அடையாளமாயிற்று. கடல் நத்தைகளை மாந்தர் வகைப்படுத்திய வரலாறு இத்தகைய எளிய பெயர்களில் தொடங்கித் துருவக் கடல்கள் வரை செல்கிறது. அவ்வழியில் நமக்கு நன்கு அறிமுகமான சங்கையே துணையாகக் கொள்வோம்.

தமிழ் மரபு சங்கினத்தை அருமை நோக்கி வரிசைப்படுத்தியது. ஆயிரம் இப்பி சூழ்ந்தது இடம்புரி. ஆயிரம் இடம்புரி சூழ்ந்தது வலம்புரி. ஆயிரம் வலம்புரி சூழ்ந்தது சலஞ்சலம். ஆயிரம் சலஞ்சலம் சூழ்ந்தது பாஞ்சசன்னியம் என்பது அவ்வரிசை. இன்றைய விலங்கியல் இப்பியை இருவோட்டு இனம் என்று வேறு வகுப்பில் வைக்கும். ஆயினும் வலம்புரி கிடைத்தற்கரியது என்ற செய்தியில் பிழையில்லை. வேடிக்கை என்னவெனில், நாம் வலம்புரி என்பதையே விலங்கியலார் இடச்சுழி என்கின்றனர். அவர்கள் ஓட்டின் கூர்நுனியை மேலே நிறுத்தி, வாய் எப்பக்கம் அமைகிறது என்று பார்ப்பர். அதையே தலைகீழாக நிறுத்தினால் வாய் மறுபக்கம் அமையும். நம் வழக்கு அப்பார்வையோடு பொருந்துகிறது. வகுப்பறையில் இரண்டையும் ஒருங்கே கூறாவிடின் மாணவர் மயங்குவர்.

ஐரோப்பாவில் லின்னேயஸ் 1758ஆம் ஆண்டு விலங்குகளுக்கு இருசொற்பெயர் முறையை நிலைநாட்டினார். நம் சங்கு அவரிடம் 1767இல் 'வொலூட்டா பைரம்' ஆயிற்று. பைரம் என்பது பேரிக்காயைக் குறிப்பது. தோட்டத்தின் பெயரோடு ஒலி ஒத்திருப்பது தற்செயலே. அக்காலத்தில் ஓடே வகைப்பாட்டின் பெரும் ஆதாரம். ஓட்டினுள் வாழும் உயிரையும் நோக்க வேண்டும் என்பதை அதன்முன்பே, 1757இல், செனகல் நாட்டு நத்தைகளை ஆராய்ந்த அதான்சோன் வலியுறுத்தியிருந்தார். அவர் வழியை அறிஞர் உலகம் மெதுவாகவே ஏற்றது.

1798இல் ஆம்பர்க் நகரில் போல்ட்டன் என்னும் மருத்துவரின் சிப்பித் தொகுப்பை விற்பதற்காக ரோடிங் தொகுத்த பட்டியலில், சங்கின் பேரினத்திற்கு 'சாங்கஸ்' என்ற பெயர் இடப்பட்டது. அது சங்கு என்னும் சொல்லின் வழிவந்ததே. அடுத்த ஆண்டு லமார்க் அதே பேரினத்தை 'டர்பினெல்லா' என்றார். முந்திய பெயரே செல்லும் என்பது விதி. ஆகவே இந்திய மீன்வள ஆய்வாளர் பலர் இருபதாம் நூற்றாண்டில் நெடுங்காலம் 'சாங்கஸ் பைரம்' என்றே எழுதினர். பின்னர் விலங்குப் பெயர்களுக்கான பன்னாட்டு ஆணையம் தன் தனியதிகாரத்தால் டர்பினெல்லாவை நிலைநிறுத்தியது. பெயர் நிலைத்து நிற்பது அறிவியலுக்குத் தேவை. ஆயினும் இழப்பு நமக்கே.

அதனினும் பெரிய இழப்பு, சங்கு குளிப்போரின் அறிவை வணிகப் பேச்சென்று ஒதுக்கியமை. மன்னார் வளைகுடாச் சங்கை 'ஜாதி' என்றும் பாக் நீரிணைப் பக்கத்துச் சங்கைப் 'பட்டி' என்றும் அவர்கள் பிரித்தனர். சென்னை அரசின் முத்து, சங்கு குளித்தலுக்குப் பொறுப்பேற்றிருந்த ஜேம்ஸ் ஹார்னெல், 1914இல் சங்கைப்பற்றித் தனிநூல் எழுதியபோது இவ்வழக்குகளைப் பதிவு செய்தார். ஒரே இனம் கடலுக்குக் கடல் உருவம் மாறுவது ஏன்? சங்கு தன் முட்டைகளை அறை அறையாக அமைந்த கொம்பு போன்ற கூட்டில் இடுகிறது. குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து பரவும் பருவமின்றி, சிறு சங்குகளாகவே ஊர்ந்து வெளிவருகின்றன. பிறந்த இடத்தைவிட்டு வெகுதூரம் செல்லாமையால் வட்டாரத்துக்கு வட்டாரம் வேற்றுமை ஊன்றுகிறது. குளிப்போர் இடத்தால் இனம் பிரித்தது உயிரியல் உண்மையைத் தொட்டதே.

துருவக் கடல்களில் இவ்வகை இனப்பெருக்கம் பரவலாகக் காணப்படுகிறது. குளிர் மிகுந்தோறும் மிதக்கும் இளம்பருவம் அருகும் என்று டென்மார்க் அறிஞர் தோர்சன் 1950இல் விளக்கினார். பிற்கால ஆய்வு விலக்குகளையும் காட்டியது: அண்டார்டிக்காவின் 'நாசெல்லா கான்சின்னா' என்னும் தொப்பிநத்தைக்கு மிதக்கும் இளம்பருவம் உண்டு. எனினும் ஊர்ந்தே பிறக்கும் நத்தைகள் அங்கே மிகுதி. வட துருவக் கடலின் 'பக்சினம்' பேரினத்தில் ஓட்டின் பருமனும் வரியும் மாறிக்கொண்டே இருப்பதால், ஓட்டை மட்டும் கண்டு வைத்த பெயர்கள் குவிந்தன. எது இனம், எது வட்டார வேற்றுமை என்று பிரிப்பது இன்றும் கடினம்.

தென்கடலில் சிக்கல் வேறு வகையானது. வெள்ளி சூரியனைக் கடந்த 1874ஆம் ஆண்டு நிகழ்வைக் காணக் கெர்கலன் தீவுக்குச் சென்ற குழுவில் ஈட்டன் என்னும் இயற்கையியலார் இருந்தார். அவர் பெயர் தாங்கிய நத்தையை எட்கர் ஸ்மித் 1875இல் விவரித்தார். வடகடல் பக்சினத்தோடு அதற்குள்ள ஒப்புமை கருதிப் பின்னர் அதன் பேரினத்தை 'நியோபக்சினம்', அதாவது புதிய பக்சினம், என்றார். அண்மையில் மரபணுக்களை ஒப்பிட்ட ஆய்வுகள் இரண்டையும் வெவ்வேறு குடும்பங்களில் வைக்கின்றன. உலகின் இரு முனைகளிலும் ஒத்த தோற்றம் தனித்தனியே உருவாகியிருக்கிறது. ஆயினும் விதிப்படி 'நியோபக்சினம்' என்ற பெயர் மாறவில்லை. நெருங்கிய உறவில்லை எனத் தெரிந்த பின்னும் அந்தத் தென்கடல் நத்தை வடகடல் நத்தையின் பெயரைச் சுமந்தே வாழ்கிறது.