கொத்துத் தலைவலியும் அதை அறிந்த மருத்துவர்களும்

கொத்துத் தலைவலி ஒரு பக்கக் கண்ணைச் சுற்றிக் குடையும்; 15 நிமிடம் முதல் 3 மணி நேரம் வரை நீடிக்கும். அந்தக் கண் சிவந்து நீர் வடியும், மூக்கடைக்கும். வலி பல்லிலும் தெரிவதால் பல் மருத்துவரிடம் போய், நல்ல பல்லைப் பிடுங்கிக்கொண்டவர்களும் உண்டு.

தினமும் ஒரே நேரத்தில் இடது கண்ணுக்கு மேல் வலி வந்த ஒருவரைப் பற்றி 1745இல் மருத்துவர் வான் சுவீட்டன் எழுதினார். 1926இல் லண்டனில் வில்ஃபிரெட் ஹாரிஸும், 1939இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பேயர்டு ஹார்ட்டனும் இந்நோயை விவரித்தனர். ஹார்ட்டன், உடலில் சுரக்கும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் காரணமாகக் கருதினார்.

1945இல் நியூயார்க்கின் மான்டிஃபியோர் மருத்துவமனையில் தலைவலிக்கெனத் தனிப்பிரிவு தொடங்கியது. 1988இல் சர்வதேசத் தலைவலிச் சங்கம் நோயறியும் விதிகளை வெளியிட்டது. அவ்விதிகளின்படி, அறிகுறிகளைக் கேட்டே நரம்பியல் மருத்துவரால் இந்நோயை உறுதிசெய்ய முடிந்தது. தூய ஆக்சிஜனும் சுமாட்ரிப்டான் ஊசியும் இன்று வலியைத் தணிக்கின்றன.