நன்றி நவிலும் சிறு கைகள்

அமெரிக்க நாட்டுத் தொடக்கப் பாடசாலைகளில் நவம்பர் மாதம் பிறந்ததும் ஒரு கைவேலை நடைபெறும். குழந்தை தன் கையைக் கடதாசியின்மேல் விரித்து வைத்து, ஓரமாகப் பென்சிலை ஓட்டும். பெருவிரல் வான்கோழியின் தலை; ஏனைய விரல்கள் நான்கும் இறகுகள். ஒவ்வோர் இறகிலும், தான் எவருக்கு நன்றியுடையது என்பதை ஒரு சொல்லில் எழுதும். நன்றியறிதல் திருநாளுக்கு இஃது ஆயத்தம். ஆறு வயதுக் கைக்கு இதனினும் ஏற்ற வேலையைக் கண்டுபிடித்தல் அரிது.

திருநாளின் வரலாறோ அத்துணை எளிதன்று. 1621ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில், பிளிமத் என்னும் குடியிருப்பில் ஏறத்தாழ ஐம்பது ஆங்கிலேயர் தம் முதல் அறுவடையைக் கொண்டாடினர். வம்பனோவாக் மக்களின் தலைவர் மசசோயிட் தொண்ணூறு பேருடன் வந்தார்; அவருடைய ஆட்கள் ஐந்து மான்களை வேட்டையாடிக் கொடுத்தனர்; மூன்று நாள் உடனிருந்து உண்டனர். அதற்கு முந்திய குளிர்காலத்தில் குடியேறியோருள் ஏறக்குறையப் பாதிப்பேர் மாண்டிருந்தனர். எஞ்சியோர் சோளம் பயிரிடக் கற்றது அம்மண்ணின் மக்களிடமேயாம். 1863இல், உள்நாட்டுப் போரின் நடுவே, ஆபிரகாம் லிங்கன் நவம்பர் மாதத்துக் கடைசி வியாழனை நாடு முழுவதற்குமான நன்றிநாளாக அறிவித்தார். 1941இல் நான்காம் வியாழன் எனச் சட்டம் வரையறுத்தது.

வகுப்பறைப் படங்கள் பெரும்பாலும் விருந்தோடு நின்றுவிடும். மசசோயிட்டின் மகன் மெற்றக்கொம், அதே குடியேற்றத்தாரோடு பொருது 1676இல் கொல்லப்பட்டான் என்பதை அவை காட்டா. 1970 முதல் அந்நாட்டுப் பூர்விகக் குடிகள் அதே நாளில் பிளிமத்தில் கூடித் துக்கநாள் அனுட்டித்து வருகின்றனர். கடதாசி இறகு சூடி நிற்கும் குழந்தைக்கு, இறகுக்குரியோர் என்னவாயினர் என்ற வினாவே எழாதவாறு அக்கைவேலை நெடுங்காலம் அமைந்திருந்தது.

அந்நாட்டு மிஷனரிமார் 1816இல் யாழ்ப்பாணம் வந்தனர். 1824இல் அவர்கள் உடுவிலில் பெண்கள் பாடசாலையை நிறுவினர். வான்கோழி மட்டும் நல்லவேளையாகக் கப்பலேறவில்லை! கைவேலையே கல்வியாகும் என்ற கொள்கை பின்னர் வேறு வழிகளால் வந்தது. 1837இல் ஜெர்மனியில் சிறுவர் பாடசாலை தொடங்கிய புரோபெல், கடதாசி மடித்தலையும் கீற்றுப் பின்னுதலையும் பாடமாக்கினார். பாட்டி பனையோலையிற் பாய் இழைப்பதைப் பார்த்து வளர்ந்த தமிழ்க் குழந்தைக்கு இது புதுமையன்று. காந்தியடிகள் 1937இல் கைத்தொழிலை நடுவாகக் கொண்ட ஆதாரக் கல்வியை முன்வைத்தார். இலங்கையில் 1999 முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகளைச் சிறுவர் வகுப்புகளின் பாடமாகவே ஆக்கியது.

கொழும்பு கிராண்ட்பாஸில் அந்தச் சுற்றாடல் எத்தகையது? பெரிய கடவை என்று பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்லினின்று பிறந்தது இவ்வூர்ப்பெயர். களனி கங்கையைக் கடக்கும் துறை இது. 1822இல் இங்கு ஓடங்களை வரிசையாகப் பிணைத்துப் பாலமிட்டனர். 1895இல் விக்டோரியா இரும்புப் பாலம் எழுந்தது. மலைநாட்டுச் சரக்கு துறைமுகத்தை நாடி வந்த வழியில் களஞ்சியங்களும் பட்டறைகளும் நெருங்கின. இங்குள்ள தமிழ்மொழி வகுப்பொன்றில் இந்துக் குழந்தையும் கத்தோலிக்கக் குழந்தையும் முஸ்லிம் குழந்தையும் ஒரே வாங்கில் அமரக்கூடும். அவர்களுட் பலர் நெல்வயலைக் கண்டதில்லை.

இத்தகைய வகுப்பில் தைப்பொங்கலை எங்ஙனம் கொண்டாடுவது? ஏர் பூட்டிய உழவனின் அச்சுப்படத்துக்கு வர்ணம் தீட்டச் செய்வதே வழக்கம். அது வான்கோழியினும் மேலானதன்று. தாய்மார் இரவெல்லாம் விழித்துச் செய்த அலங்காரப் பானையைக் குழந்தை காலையிற் சுமந்து வருவது அதனினும் வீண். ஆசிரியை ஒவ்வொரு குழந்தைக்கும் பத்து நெல்மணிகள் கொடுத்து, நகத்தாலேயே உமி நீக்கச் சொல்வாராயின், நிலைமை வேறாகும். சில அரிசி முறியும். சில விரல் நோகும். தட்டிற் கிடக்கும் சோற்றின் பின்னே எவரோ உழைத்திருக்கின்றனர் என்பது அப்பொழுதே விளங்கும். அடுத்து, அவ்வரிசி வீட்டை அடைந்த வழியைச் சொல்லச் சொல்லலாம். விதைத்தவர், அரிசி ஆலையார், லொறியில் மூட்டை ஏற்றியவர், கடைக்காரர், அடுப்படியில் நின்றவர் என ஐவர் வருவர். விரலும் ஐந்தே. மூட்டை ஏற்றியவர் ஒரு குழந்தையின் தந்தையாகவே இருத்தலும் கூடும். அவர் பெயர் வகுப்பறையில் மதிப்புடன் ஒலிப்பது சிறிய காரியமன்று.

பின்னர்க் கைகளை வரைந்து கத்தரித்து, விரலுக்கொரு பெயர் எழுதி, மஞ்சள் வட்டமொன்றைச் சுற்றி ஒட்டினால் முப்பது கைகளும் முப்பது கதிர்களாகும். சுவரிற் சூரியன் உதிக்கும். உழவன் நன்றி சொல்வதும் அச்சூரியனுக்கே. அநுராதபுரத்து ஸ்ரீமகாபோதியில் புத்தரிசி படைக்கும் பௌத்தரும், அறுப்பின் பண்டிகையில் கதிர்க்கட்டை ஆலயத்துக்கு எடுத்துச் செல்லும் கிறிஸ்தவரும் செய்வது வேறென்ன என்று ஆசிரியை அவ்வேளையிற் சொல்லலாம். ஒட்டுவதற்குக் கடைப்பசை வேண்டியதில்லை. குழைந்த சோறே போதும். முறிந்த அரிசியை முற்றத்துக் காகங்களுக்குக் குழந்தைகளே இடட்டும்.