பத்தாண்டு வருவாயும் வங்கிப் பங்கின் மதிப்பும்: ஓர் அளவுகோலின் வரலாறு

ஒரு பங்கின் சந்தை விலையை அந்தப் பங்குக்கு உரிய ஓராண்டு வருவாயால் வகுத்தால் கிடைக்கும் எண்ணே விலை-வருவாய் விகிதம். அதைப் பங்குச் சந்தையில் பி.இ. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். விகிதம் 10 என்றால், இன்றைய லாபம் மாறாமல் தொடரும் நிலையில், போட்ட பணத்துக்குச் சமமான லாபத்தை நிறுவனம் ஈட்டப் பத்து ஆண்டுகள் ஆகும் என்று பொருள். கணக்கு எளிது, ஆனால் 'இன்றைய லாபம் மாறாமல் தொடரும்' என்ற நிபந்தனை எந்தத் தொழிலிலும் நிறைவேறுவதில்லை, வங்கித் தொழிலில் அறவே நிறைவேறுவதில்லை. அதனால்தான் ஓராண்டு வருவாயை விட்டுவிட்டு, பத்தாண்டு வருவாயைப் பணவீக்கத்துக்கு ஏற்பத் திருத்திச் சராசரி கண்டு அதனால் விலையை வகுக்கும் முறை உருவானது. அமெரிக்காவில் ஒட்டுமொத்தச் சந்தையை அளக்கப் பிறந்த அந்த அளவுகோலை ஒரு தனி வங்கியின் பங்குக்குப் பொருத்தும்போது எங்கே அது உண்மையைக் காட்டுகிறது, எங்கே தவறான முடிவுக்கு இட்டுச் செல்கிறது என்பதைப் பாரத ஸ்டேட் வங்கியின் கணக்குகளைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

இம்முறையின் வேர் 1934-இல் இருக்கிறது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கற்பித்த பெஞ்சமின் கிரஹாமும் டேவிட் டாட்டும் அந்த ஆண்டு வெளியிட்ட 'செக்யூரிட்டி அனாலிசிஸ்' என்ற நூலில், ஒரு நிறுவனத்தின் வருவாய்த் திறனை ஓராண்டுக் கணக்கால் முடிவு செய்யக் கூடாது, குறைந்தது ஐந்து ஆண்டுச் சராசரியையாவது, முடிந்தால் ஏழு அல்லது பத்து ஆண்டுச் சராசரியைப் பார்க்க வேண்டும் என்று வலியுறுத்தினர். 1929 வீழ்ச்சிக்கு முன் உச்சத்தில் இருந்த ஓராண்டு லாபத்தை நிரந்தரமானதாக எண்ணி விலை கொடுத்தவர்கள் அடைந்த நட்டம் அவர்கள் கண்முன்னே இருந்தது. எனினும் அவர்கள் பழைய ஆண்டுகளின் லாபத்தைப் பணவீக்கத்துக்காகத் திருத்தவில்லை. 1929-க்கும் 1933-க்கும் இடையே அமெரிக்காவில் விலைவாசி ஏறவில்லை, ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இறங்கியிருந்ததால், அந்தத் தேவை அப்போது யாருக்கும் உறைத்திருக்க வாய்ப்பில்லை.

அந்தத் தேவையை 1970-களின் கடும் பணவீக்கம் உணர்த்தியது. விலைவாசி இரட்டிப்பான ஒரு பத்தாண்டில், தொடக்க ஆண்டின் 5 டாலர் லாபத்தையும் இறுதி ஆண்டின் 5 டாலர் லாபத்தையும் சமமாக வைத்துச் சராசரி காண்பது, பழைய படியால் அளந்த நெல்லையும் புதிய படியால் அளந்த நெல்லையும் ஒரே குவியலில் கொட்டுவதற்கு ஒப்பாகும். 1988-இல் ஜான் கேம்பெல்லும் ராபர்ட் ஷில்லரும் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இந்தக் குறையைத் தீர்த்தது. அவர்கள் 1871 வரை பின்னோக்கிச் செல்லும் அமெரிக்கப் பங்குகளின் விலை, ஈவுத்தொகை, வருவாய் விவரங்களைத் திரட்டி, ஒவ்வோர் ஆண்டின் வருவாயையும் நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணைக் கொண்டு ஒரே ஆண்டின் பண மதிப்புக்கு மாற்றி, நீண்ட காலச் சராசரி கண்டு, அச்சராசரி விலையோடு கொள்ளும் உறவு பின்வரும் பல ஆண்டுகளின் ஆதாயத்தை ஓரளவு முன்கூட்டியே காட்டுகிறது என்று நிறுவினர். பத்தாண்டு என்ற காலம் ஒரு முழு வணிகச் சுழற்சியை, அதாவது ஒரு செழிப்பையும் ஒரு மந்தத்தையும், உள்ளடக்கப் போதுமானது என்பதால் நிலைபெற்றது. சுழற்சியின் ஏற்ற இறக்கத்தை நீக்கிய விலை-வருவாய் விகிதம் என்ற பொருளில் அதன் ஆங்கில முதலெழுத்துகள் சேர்ந்து 'கேப்' என்ற பெயர் பின்னர் வழக்கில் வந்தது.

1996 டிசம்பர் 3 அன்று இருவரும் அமெரிக்க மைய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் ஆளுநர் குழுமுன் தம் கண்டுபிடிப்பை எடுத்துரைத்தனர். இரண்டு நாள் கழித்து அதன் தலைவர் ஆலன் கிரீன்ஸ்பான் சந்தையின் பகுத்தறிவற்ற உற்சாகத்தைப் பற்றிப் பேசிய உரை உலகச் சந்தைகளை உலுக்கியது. 1929-இல் 33-ஐ ஒட்டி உச்சம் தொட்டிருந்த இவ்விகிதம் 1999 இறுதியில் 44-ஐ எட்டியது, அதன்பின் நேர்ந்த சரிவு அனைவரும் அறிந்ததே. ஷில்லர் 2013-இல் பொருளியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

ஆனால் இவையெல்லாம் நூற்றுக்கணக்கான நிறுவனங்கள் அடங்கிய குறியீட்டைப் பற்றிய உண்மைகள். குறியீட்டில் ஒரு நிறுவனம் நொடித்தால் வேறொன்று அதன் இடத்தில் அமரும். தனி நிறுவனத்துக்கு அந்த வசதி இல்லை. குறியீட்டுக்கே கூட வங்கி, காப்பீட்டுத் துறைகளின் வழியாகத்தான் இம்முறைக்கு முதல் பெருஞ்சோதனை வந்தது. 2008-இன் கடைசிக் காலாண்டில் ஏ.ஐ.ஜி. என்ற ஒரே காப்பீட்டு நிறுவனம் 60 பில்லியன் டாலருக்கு மேல் நட்டம் காட்ட, அந்த நட்டம் குறியீடு முழுவதன் வருவாயையும் கீழே இழுத்தது. 2016-இல் பொருளியலாளர் ஜெரமி சீகல், இத்தகைய நட்டங்களும் சொத்தின் மதிப்புக் குறைந்தால் உடனே கணக்கில் எழுதியாக வேண்டும் என்று மாறிய கணக்கியல் விதிகளும் பத்தாண்டுச் சராசரியைச் செயற்கையாகத் தாழ்த்தி, சந்தையை உள்ளதைவிட விலை கூடியதாகக் காட்டுகின்றன என்று வாதிட்டார். ஷில்லர் தாமும் இதற்கு முன்பே, துறைகளை ஒன்றோடொன்று நேராக ஒப்பிடாமல் ஒவ்வொரு துறையையும் அதன் சொந்தக் கடந்த காலத்தோடு ஒப்பிடும் முறைக்கு நகர்ந்திருந்தார். வங்கிகளைப் பொறுத்தவரை அது சரியான திசையே.

வங்கியின் லாபம் ஏன் தனித்தன்மை உடையது என்பதை ஒரு கடனின் வாழ்க்கையைப் பின்தொடர்ந்தால் காணலாம். ஓர் அனல் மின்நிலையம் கட்ட வங்கி 100 கோடி ரூபாய் கடன் தருகிறது என்று கொள்வோம். கட்டுமானம் நடக்கும் ஆண்டுகளில் நிறுவனத்துக்கு வருமானம் இல்லை. ஆயினும் வட்டி கணக்கில் ஏறும், அந்த வட்டியும் பெரும்பாலும் திட்டச் செலவின் பகுதியாகக் கடன் தொகையிலிருந்தே கட்டப்படும். வங்கியின் ஏட்டில் அது லாபம். நிலக்கரி கிடைக்காமலோ மின்சாரம் வாங்க ஆளில்லாமலோ திட்டம் முடங்கினால், முதலில் தவணைகள் தள்ளிவைக்கப்படும். 90 நாள் நிலுவை விழுந்த பின்னரே அது வாராக்கடன் ஆகும். அப்போதும் முழு நட்டமும் உடனே எழுதப்படுவதில்லை. ஈடுள்ள கடனுக்கு முதல் ஆண்டில் 15 சதவீதம் ஒதுக்கினால் போதும், பின்னர் 25, 40 என்று படிப்படியாகக் கூடி, பல ஆண்டுகள் கழித்தே 100 சதவீதத்தை அடையும். ஆகவே கடன் கொடுத்த ஆண்டில் லாபம் காட்டப்பட்டு, அதன் உண்மையான விலை ஐந்து முதல் பத்து ஆண்டுகள் கழித்துத் தெரியவருகிறது. வங்கியின் ஓராண்டு லாபம் முடிக்கப்படாத கணக்கு. நீண்ட காலச் சராசரிக்கான நியாயம் வேறெந்தத் தொழிலையும்விட வங்கித் தொழிலுக்கே அதிகம்.

பாரத ஸ்டேட் வங்கி இதற்கு நல்ல சான்று. 1843-இல் தொடங்கிய மதராஸ் வங்கி உள்ளிட்ட மூன்று மாகாண வங்கிகள் 1921-இல் இணைந்து இம்பீரியல் வங்கியாகி, 1955-இல் அது பாரத ஸ்டேட் வங்கியாயிற்று. ரகுராம் ராஜன் ஆளுநராக இருந்தபோது ரிசர்வ் வங்கி 2015-இல் நடத்திய சொத்துத் தர ஆய்வு, தள்ளிவைக்கப்பட்டிருந்த நட்டங்களை ஏட்டுக்குக் கொண்டுவந்தது. வங்கியின் தனிநிலை (துணை நிறுவனங்களைச் சேர்க்காத) நிகர லாபம் 2014-15-இல் 13,102 கோடி ரூபாய். 2015-16-இல் 9,951 கோடி. 2017-18-இல் 6,547 கோடி நட்டம். அடுத்த ஆண்டு வெறும் 862 கோடி லாபம். 2018 மார்ச்சில் மொத்த வாராக்கடன் 10.91 சதவீதம். அதன்பின் லாபம் 2019-20-இல் 14,488 கோடி, 2021-22-இல் 31,676 கோடி, 2022-23-இல் 50,232 கோடி என ஏறி, 2024-25-இல் 70,901 கோடியை எட்டியது. 2025 மார்ச்சில் மொத்த வாராக்கடன் 1.82 சதவீதமாகச் சுருங்கியிருந்தது.

2018 மார்ச் இறுதியில் பங்கின் விலை சுமார் 250 ரூபாய். அந்த ஆண்டு நட்டம் என்பதால் வழக்கமான விகிதத்தைக் கணக்கிடவே வழியில்லை. ஆனால் 2008-09 முதல் பத்து ஆண்டுகளின் பங்கொன்றுக்கான வருவாயை, 2014-இல் 10 ரூபாய் முகமதிப்புப் பங்கு பத்து 1 ரூபாய்ப் பங்குகளாகப் பிரிக்கப்பட்டதைக் கணக்கில் கொண்டு சராசரி கண்டால் 13 ரூபாயைச் சற்றுத் தாண்டும். 2009-க்கும் 2013-க்கும் இடையே நிலவிய கடும் விலையேற்றத்தைச் சேர்த்துத் திருத்தினால் அது 18 அல்லது 19 ரூபாயாகும். அதன்படி விகிதம் ஏறத்தாழ 13. ஓராண்டுக் கணக்கு வாயடைத்து நின்ற இடத்தில் பத்தாண்டுக் கணக்கு பேசியது. பங்கின் விலை மிகையல்ல என்று அது சொன்னதும் பொய்க்கவில்லை, ஏழு ஆண்டுகளில் விலை மூன்று மடங்கானது.

2025 மார்ச் இறுதியில் நிலைமை தலைகீழ். விலை சுமார் 770 ரூபாய். அந்த ஆண்டின் பங்கொன்றுக்கான வருவாய் 79 ரூபாய் 44 காசு. விகிதம் 10-க்கும் குறைவு. பத்தாண்டு வருவாயை நுகர்வோர் விலைக் குறியீட்டால் 2024-25 விலைவாசிக்கு மாற்றினால், 2015-16-இன் 12 ரூபாய் 98 காசு 20 ரூபாயாக உயர்கிறது, 2017-18-இன் 7 ரூபாய் 67 காசு நட்டமும் ஏறத்தாழ 11 ரூபாய் நட்டமாகப் பெருகுகிறது. பத்து ஆண்டுக்கும் சராசரி சுமார் 33 ரூபாய் 50 காசு. அதனால் விலையை வகுத்தால் 23. ஒரே நாளில் ஒரே பங்கு ஓர் அளவுகோலில் மிக மலிவு, மற்றொன்றில் மிக அதிகம்.

23 என்ற எண்ணை அப்படியே ஏற்பதும் தவறு. முதலாவதாக, பத்தாண்டுக்கு முந்தைய வங்கியும் இன்றைய வங்கியும் ஒன்றல்ல. 2017 ஏப்ரலில் ஐந்து துணை வங்கிகளும் பாரதிய மகிளா வங்கியும் இணைந்தன. தனிநிலைக் கணக்கில் 10,484 கோடி லாபம் காட்டிய 2016-17, இணைந்த வங்கிகளையும் சேர்த்துப் பார்த்தால் 1,805 கோடி நட்டமாகிறது. இரண்டாவதாக, பங்குதாரருக்குத் தராமல் வங்கியிலேயே நிறுத்திய லாபம் முதலோடு சேர்ந்து வங்கியைப் பெரிதாக்கியிருக்கிறது; பழைய ஆண்டுகளின் வருவாய் சிறிய முதலில் ஈட்டியது.

பங்குகளின் எண்ணிக்கை மாறுவதால் விளையும் ஆபத்து இவற்றினும் பெரிது. அதை நியூயார்க்கின் சிட்டி குழுமம் காட்டுகிறது. 2006-இல் அது பங்கொன்றுக்கு 4 டாலர் 31 சென்ட் ஈட்டியபோது அதன் பங்குகள் ஏறத்தாழ 500 கோடி. 2008-இல் 27.7 பில்லியன் டாலர் நட்டம் அடைந்து, மீட்புக்காகப் புதிய பங்குகளை வெளியிட்டதில் 2009 இறுதிக்குள் அவை 2,800 கோடியைத் தாண்டின. 2011-இல் பத்துப் பங்குகளை ஒன்றாகச் சேர்த்ததால், பழைய 4 டாலர் 31 சென்ட் ஏட்டில் 43 டாலராக மாறியது. 2012 இறுதியில் விலை சுமார் 40 டாலர். அதற்கு முந்தைய பத்தாண்டின் பங்கொன்றுக்கான வருவாயைச் சராசரி கண்டால், 2008-இன் பெருநட்டத்தையும் சேர்த்தே, 11 டாலரை ஒட்டி வரும். விகிதம் 4-க்கும் குறைவு. அந்த ஆண்டு வங்கி உண்மையில் ஈட்டியது பங்குக்கு 2 டாலர் 44 சென்ட் மட்டுமே. ஐநூறு கோடிப் பங்குகள் பகிர்ந்த லாபத்தை ஐந்து மடங்குக்கும் மேலான பங்குகள் ஒவ்வொன்றும் அதே அளவில் மீண்டும் பெற முடியாது. விதி எளிது: பங்குகள் பெருகிய வங்கியில், மொத்த லாபத்தின் சராசரியை இன்றைய பங்கு எண்ணிக்கையால் வகுக்க வேண்டும்.

பணவீக்கத் திருத்தத்திலும் வங்கிக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஆலையின் இயந்திரமும் நிலமும் விலைவாசியோடு தாமும் மதிப்பில் ஏறும். வங்கியின் சொத்தோ கடன், அதாவது குறிப்பிட்ட ரூபாயைத் திருப்பித் தருவதாக எழுதிய வாக்குறுதி. விலைவாசி 5 சதவீதம் ஏறும் நாட்டில் கடன் தேவையும் குறைந்தது அந்த அளவு ஏறும். அதற்கு ஈடாக, கடனுக்கும் முதலுக்கும் உள்ள விகிதத்தைக் காக்க, வங்கி தன் பங்குதாரர் நிதியில் 5 சதவீதத்தை லாபத்திலிருந்து ஒதுக்கினால்தான் இருந்த இடத்தில் இருக்க முடியும். ஆகையால் வங்கி காட்டும் லாபத்தின் ஒரு பகுதி, தேய்ந்த முதலை ஈடுசெய்யும் தொகையே. பழைய லாபத்தை மட்டும் குறியீட்டெண்ணால் பெருக்கும் கேப் முறை இதைப் பிடிப்பதில்லை.

இக்குறைகளில் பெரும்பாலானவற்றை ஒருங்கே தீர்க்கும் வழி, லாபத்துக்குப் பதில் லாப வீதத்தைச் சராசரி காண்பது. ஒவ்வோர் ஆண்டின் லாபத்தையும் அந்த ஆண்டின் பங்குதாரர் நிதியால் வகுத்து, அவ்வீதங்களின் பத்தாண்டுச் சராசரியை இன்றைய பங்குதாரர் நிதியால் பெருக்கினால், இன்றைய அளவிலுள்ள வங்கி ஒரு சராசரி ஆண்டில் ஈட்டக்கூடிய தொகை கிடைக்கும். பாரத ஸ்டேட் வங்கியின் வீதம் 2017-18-இல் பூச்சியத்துக்கும் கீழே இறங்கி, கடைசி மூன்று ஆண்டுகளில் 20 சதவீதத்தை ஒட்டி நின்றது. பத்தாண்டுச் சராசரி ஏறத்தாழ 10. 2025 மார்ச்சில் அதன் பங்குதாரர் நிதி, அதாவது முதலும் ஒதுக்க நிதிகளும் சேர்ந்து, சுமார் 4.4 லட்சம் கோடி. ஆகவே சராசரி ஆண்டு லாபம் சுமார் 44,000 கோடி. சந்தை அந்த வங்கி முழுவதற்கும் அப்போது வைத்த விலை 6.9 லட்சம் கோடிக்குச் சற்றுக் குறைவு. விகிதம் 15 அல்லது 16. ஓராண்டுக் கணக்கு காட்டிய மலிவும், கேப் காட்டிய மிகையும் இரண்டுமே பொருந்தாதவை என்பதே இக்கட்டுரையின் முடிபு.

2025 ஜூலையில் இவ்வங்கி பங்கு 817 ரூபாய் வீதம் 25,000 கோடி ரூபாய்க்குப் புதிய பங்குகளை வெளியிட்டதால், இனிக் கணக்கிடுவோர் 892 கோடிக்குப் பதில் 923 கோடிப் பங்குகளைக் கொள்ள வேண்டும். மேலும், 2027-28-இன் கணக்கு வெளிவரும்போது 2017-18-இன் நட்டம் பத்தாண்டு வரம்பிலிருந்து நீங்கும். வங்கியில் எதுவும் மாறாவிட்டாலும் அந்த ஆண்டு அதன் கேப் விகிதம் இறங்கித் தோன்றும்.