தியாகராய நகரில் ஓதப்பட்ட ஃபாத்திஹா

தியாகராய நகருக்கு வருவோர் நாளொன்றுக்குப் பன்முறை உச்சரிக்கும் பெயர் உஸ்மான் சாலை. பட்டுக்கடைக்கும் நகைக்கடைக்கும் வழி கேட்போர் வாயில் அப்பெயர் உருள்கிறது. அதற்கருகிலேயே ஹபீபுல்லா சாலையும் பஸ்லுல்லா சாலையும் உள்ளன. இப்பெயர்களுக்குரிய பெருமக்கள் யாவர் என்று கேட்டால், நம்மவரிலும் விடை சொல்வோர் சிலரே. சர் முஹம்மது உஸ்மான் 1934ஆம் ஆண்டு சில மாதங்கள் சென்னை மாகாணத்தின் தற்காலிக ஆளுநராக இருந்தவர். அதற்கு முன்பே யுனானி, ஆயுர்வேதம், சித்தம் ஆகிய நாட்டு மருத்துவ முறைகளை ஆராய்ந்த அரசுக் குழுவுக்குத் தலைமை தாங்கி 1923இல் அறிக்கை அளித்தவர். சர் முஹம்மது ஹபீபுல்லா, வைஸ்ராயின் நிர்வாகக் குழு உறுப்பினராகவும் பின்னர் திருவிதாங்கூர்த் திவானாகவும் பணியாற்றியவர்.

நூறாண்டுகளுக்கு முன் இவ்விடம் ஏரி. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரை நீண்டு கிடந்த அந்நெடிய ஏரியின் நிலத்தை 1920களில் நீதிக்கட்சி ஆட்சி மனைகளாக்கியது. அக்கட்சியின் தலைவர் பிட்டி தியாகராயர் பெயரையே புதிய நகருக்கு இட்டனர். பெருமழை பெய்தால் வீதிகளில் நீர் தேங்குவது ஏனென்று வியப்போர், காலடியில் இருப்பது எதுவென்பதை நினைவுகூர்ந்தால் போதும்.

ஏரி நிலத்தில் எழுந்த ஊருக்குத் தொன்மையான மன்றம் இராது. மயிலாப்பூருக்குக் கோயிலும் குளமும், திருவல்லிக்கேணிக்குக் கோயிலும் 1795இல் எழுந்த வாலாஜா பெரிய பள்ளிவாசலும் மக்கள் கூடும் மையங்களாக அமைந்தன. தியாகராய நகரில் குடியேறியோர் அத்தகைய மையங்களைத் தாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. பூங்காக்களும் சங்கீத சபைகளும் அவ்வாறு தோன்றியவையே. தணிகாசலம் சாலையில் 1936ஆம் ஆண்டு வந்தமர்ந்த தக்ஷிண பாரத ஹிந்தி பிரசார சபாவும் அவற்றுள் ஒன்று. அதன் வளாகத்தில் 1946 ஜனவரியில் நடந்தவற்றையும், அவற்றுள் எது நிலைத்தது, எது மறைந்தது என்பதையுமே இக்கட்டுரையில் காண விழைகிறோம்.

ஹிந்தி என்றதும் நம் வாசகரில் பலர் முகம் சுளிக்கக் கூடும். அந்தச் சுளிப்புக்கும் வரலாறு உண்டு. முதலில் சபாவின் தொடக்கத்தைப் பார்ப்போம்.

1918ஆம் ஆண்டு, சென்னை ஆர்மேனியன் தெருவிலுள்ள கோகலே மண்டபத்தில் அன்னி பெசன்ட் அம்மையார் இப்பணியைத் தொடங்கிவைத்தார். சி. பி. இராமசாமி ஐயர் தலைமை வகித்தார். முதல் ஆசிரியராக வந்தவர் காந்தியடிகளின் இளைய மகன் தேவதாஸ். அப்போது அவருக்கு வயது பதினெட்டு. அலகாபாத் ஹிந்தி சாகித்திய சம்மேளனத்தின் கிளையாக இயங்கிய இவ்வமைப்பு 1927இல் தனி நிறுவனமாயிற்று. காந்தியடிகள் தம் இறுதிக்காலம் வரை அதன் தலைவராக இருந்தார். வகுப்பு, தேர்வு, அச்சகம், நூலகம், ஆசிரியர் பயிற்சி எனப் பணிகள் விரிந்தன.

சபா தியாகராய நகருக்கு வந்த இரண்டே ஆண்டுகளில் புயல் எழுந்தது. 1938 ஏப்ரலில் இராஜாஜி அரசு 125 உயர்நிலைப் பள்ளிகளில் ஹிந்தியைக் கட்டாயமாக்கியது. மறியல்களும் சிறைவாசங்களும் தொடர்ந்தன. 1939 ஜனவரியில் நடராசனும் மார்ச்சில் தாளமுத்துவும் காவலில் இருந்தவாறே உயிர் நீத்தனர். 1940 பிப்ரவரியில் அரசாணை திரும்பப் பெறப்பட்டது. இப்போராட்டத்தில் முஸ்லிம்களின் குரலும் ஒலித்தது. திருச்சியைச் சேர்ந்த முஸ்லிம் லீக் உறுப்பினர் பி. கலீஃபுல்லாஹ் சாஹிப், தாம் ஒரு இராவுத்தர் என்றும், தம் தாய்மொழி உருது அன்று, தமிழே என்றும், அதைச் சொல்ல வெட்கமில்லை என்றும் சட்டமன்றத்தில் எழுந்து கூறினார். வீட்டில் உருது பேசும் சென்னை முஸ்லிம்கள் இப்பிரச்சினையை வேறு கோணத்திலிருந்து பார்த்தனர். இப்படி ஒரே ஜமாஅத்திற்குள் இரு மொழிக் குடும்பங்கள் அருகருகே தொழுதுவந்திருக்கின்றன. முஸ்லிம்களின் மொழி எது என்று ஒற்றை விடை தேடுவோர் இதை மறந்துவிடுகின்றனர்.

இனி 1946க்கு வருவோம். சபாவின் இருபத்தைந்தாம் ஆண்டு 1943இலேயே நிறைந்துவிட்டது. அப்போது அதன் தலைவர் பூனாவில் ஆகா கான் மாளிகையில் சிறைப்பட்டிருந்தார். ஆகவே வெள்ளி விழா 1946 ஜனவரி இறுதியில் நடைபெற்றது. காந்தியடிகள் சபா வளாகத்திலேயே தங்கினார். பிப்ரவரித் தொடக்கத்தில் மதுரைக்கும் பழனிக்கும் புறப்படும் வரை, ஏறத்தாழப் பத்து நாள்கள், ஒரு குடியிருப்புப் பகுதியின் மொழிக்கூடம் நாட்டின் கண்களை ஈர்த்தது. விழாக் கூட்டங்களும் நிர்மாண ஊழியர் சந்திப்புகளும் நடந்தன. ஒவ்வொரு மாலையும் திறந்தவெளியில் பிரார்த்தனை நடந்தது. அதற்குப் பல்லாயிரவர் திரண்டனர்.

அந்தப் பிரார்த்தனையின் வரிசையை அறிதல் நலம். அவ்வாண்டுகளில் காந்தியடிகள் எங்கு சென்றாலும் வரிசை பெரும்பாலும் ஒன்றே. செவாகிராம ஆசிரமத்தில் வாழ்ந்த ஜப்பானியத் துறவி ஒருவர் வழியாக வந்த பௌத்த மந்திரம், கீதை சுலோகங்கள், குர்ஆன் ஓதல், பார்சி வேத வாசகம், பஜனைப் பாடல், இராமநாமக் கீர்த்தனை ஆகியவை அதில் இடம்பெற்றன. குர்ஆன் பகுதியில் அஊது ஓதி, சூரத்துல் ஃபாத்திஹா ஓதப்படும். அதை ஆசிரமப் பிரார்த்தனையில் சேர்ப்பித்தவர் ரைஹானா தையப்ஜி. காங்கிரஸ் பெரியவர் அப்பாஸ் தையப்ஜியின் மகள் அவர். அப்பாஸின் உறவினர் பத்ருத்தீன் தையப்ஜிதான் 1887இல் சென்னையில் கூடிய மூன்றாம் காங்கிரசுக்குத் தலைமை வகித்தார். அம்மாநாடு நடந்த மெக்கேஸ் கார்டன் ஆயிரம் விளக்குப் பகுதியிலேயே உள்ளது. தியாகராய நகரிலிருந்து நடந்து செல்லும் தொலைவுதான். ஒரு குடும்பத்தின் நிழல் அறுபதாண்டு இடைவெளியில் இருமுறை இந்நகர்மீது விழுந்திருக்கிறது.

மார்க்கம் கற்பிப்போர் என்ற முறையில் இங்குச் சற்று நின்று பேச வேண்டியிருக்கிறது. ஃபாத்திஹா நம் தொழுகையின் உயிர். அஃதின்றித் தொழுகை இல்லை என்பது நபிமொழி. பல சமய வாசகங்களைக் கோத்து ஒரே வழிபாடாகச் செய்வது நம் வழிமுறை அன்று. அதைப் பின்பற்றத்தக்கதாக நாம் சொல்லவும் மாட்டோம். அதே சமயம், திறந்தவெளியில் அமர்ந்திருந்த மக்கள், பெரும்பாலும் முஸ்லிமல்லாதோர், இறைவேதத்தின் தோற்றுவாயை அமைதியாகக் கேட்டனர். வழிபாட்டில் கலத்தல் வேறு; அடுத்தவர் ஓதுவதை மரியாதையுடன் செவிமடுத்தல் வேறு. முன்னதை மறுப்பவர் பின்னதையும் மறுக்கத் தேவையில்லை.

நஜ்ரான் கிறித்தவர்கள் மதீனாவுக்கு வந்த நிகழ்ச்சியை இப்னு இஸ்ஹாக் பதிவு செய்துள்ளார். ஏறத்தாழ அறுபது பேர் கொண்ட அத்தூதுக்குழுவினர் தங்கள் பிரார்த்தனை வேளை வந்ததும் மஸ்ஜிதுன் நபவியிலேயே கிழக்கு நோக்கி நின்றனர். தோழர்கள் தடுக்க முற்பட்டபோது, அவர்களை விட்டுவிடுமாறு அண்ணலார் (ஸல்) கூறினார்கள். இதன் அறிவிப்புத் தொடர் குறித்து முஹத்திஸ்கள் பேசியிருக்கிறார்கள் என்பதையும் மறைப்பதற்கில்லை. ஆயினும் சீரா ஆசிரியர்கள் தலைமுறைதோறும் இதை எழுதிவந்துள்ளனர். அப்பள்ளிவாசலின் அன்றாடமும் நாம் அறிந்ததே. ஒரு புறத்தில் திண்ணைத் தோழர்கள் தங்கிக் கற்றார்கள். பெருநாளன்று அபிசீனியர் ஈட்டி விளையாடினார்கள், அன்னை ஆயிஷா (ரலி) அதைக் கண்டுகளித்தார்கள். தொழுகை நடந்த இடமே ஊரின் பொது முற்றமாகவும் விளங்கியது.

சென்னையில் பிரார்த்தனை இடையூறின்றி நடந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் டெல்லி வால்மீகி குடியிருப்பில் நிலைமை வேறு. குர்ஆன் ஓதக் கூடாது என்று கூட்டத்திலிருந்து எதிர்ப்பு எழுந்தது. ஒருவர் மறுத்தாலும் அன்றைய பிரார்த்தனை முழுவதையுமே காந்தியடிகள் நிறுத்திவிட்டார். குர்ஆனை விட்டுவிட்டு எஞ்சியதை நடத்த அவர் இசையவில்லை. பஞ்சாபில் குருதி ஓடிக்கொண்டிருந்த காலம் அது.

வெள்ளி விழாவின் மைய வாதம் மற்றொன்று. அதுவே நமக்கு இன்றும் உறுத்துகிறது. காந்தியடிகள் பரப்ப விரும்பியது சமஸ்கிருதம் செறிந்த ஹிந்தியை அன்று. வடநாட்டு எளிய மக்கள், ஹிந்துவும் முஸ்லிமும், ஒருங்கே பேசிய ஹிந்துஸ்தானியை. அதை நாகரி, உருது ஆகிய இரு வரிவடிவங்களிலும் கற்க வேண்டுமென்று வலியுறுத்தினார். இதற்காக 1942இல் வார்தாவில் ஹிந்துஸ்தானி பிரசார சபையைத் தொடங்கினார். நாகரி மட்டுமே போதுமென்ற புருஷோத்தம தாஸ் தாண்டனுடன் இணங்க முடியாமல், 1945இல் சாகித்திய சம்மேளனத்திலிருந்து விலகினார். சென்னை விழாவிலும் அவர் வற்புறுத்தியது இதையே.

அது நிகழவில்லை. 1949 செப்டம்பர் 14 அன்று அரசமைப்பு நிர்ணய சபை, நாகரி வரிவடிவத்திலான ஹிந்தியை ஆட்சிமொழியாக ஏற்றது. ஹிந்துஸ்தானி என்ற சொல் 351ஆம் பிரிவில் ஓர் ஓரமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. காந்தியடிகளுக்குப் பின் ராஜேந்திர பிரசாத் சபாவின் தலைவரானார். 1964இல் நாடாளுமன்றச் சட்டத்தால் அது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாயிற்று. மறு ஆண்டே தமிழகம் மீண்டும் மொழிப் போரில் கொதித்தது. இத்தனைக்கும் நடுவே பிராத்மிக், மத்யமா, ராஷ்ட்ரபாஷா என்று தேர்வு எழுதும் பிள்ளைகளின் வரிசை அறுபடவில்லை. தலைவரின் சொல் ஓங்கி ஒலித்த அதே வளாகத்தில், அச்சொல்லின் பாதி மட்டும் வகுப்பாகித் தழைத்தது. மறுபாதி, அதாவது உருது வரிவடிவம், மாலை வகுப்பாகவோ தேர்வாகவோ ஊன்றப்படவில்லை. எதிர்ப்பால் மட்டுமே அது மறைந்தது என்று நாம் கருதவில்லை. கரும்பலகையில் நாள்தோறும் அதை எழுதிக் காட்ட ஆள் இல்லாததும் ஒரு காரணம்.

பிறரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஒரே மொழியை இரு வரிவடிவங்களில் எழுதும் வழக்கம் தமிழ் முஸ்லிம்களுக்குப் புதிதா? நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதினர். ப, ட, ண, ள, ழ போன்ற ஒலிகளுக்கு அரபியில் எழுத்தில்லை. ஆகவே உள்ள எழுத்துகளோடு புள்ளியும் குறியும் சேர்த்துப் புதிய வடிவங்களை ஆக்கிக்கொண்டனர். அதுவே அரபுத் தமிழ். ஃபிக்ஹ் நூல்களும் தஃப்சீர்களும் மாலைப் பாடல்களும் அதில் பெருகின. கீழக்கரையில் அரூஸிய்யா மத்ரஸாவை நிறுவிய மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவ்வெழுத்தின் பெரும் ஆசிரியர். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் தமிழ் எழுத்தே அறியாத பெண்கள்கூட அரபுத் தமிழில் மார்க்கம் படித்தனர்.

இன்று அந்நூல்கள் எங்கே? பல வீடுகளில் பரணில், துணி சுற்றி, குர்ஆன் என எண்ணிப் பயபக்தியுடன் வைக்கப்பட்டுள்ளன. திறந்து பார்த்தால் உள்ளே இருப்பது நோன்பின் சட்டங்கள், தூய தமிழில். எழுத்துக் கூட்டத் தெரிந்தால் பேத்திக்கும் புரியும் தமிழ். இவ்வெழுத்தை யாரும் தடை செய்யவில்லை. அதற்கு எதிராக ஒரு மறியலும் நடந்ததில்லை. மக்தபுகளில் தமிழ் அச்சு நூல்கள் வந்தபோது, அதைக் கற்பிக்கும் அரைமணி நேரம் பாட அட்டவணையிலிருந்து நழுவியது. அவ்வளவுதான்.

நம் மஹல்லாக்களில் மீலாது மேடைகளுக்கும் பட்டமளிப்பு விழாக்களுக்கும் ஆகும் செலவையும் உழைப்பையும் அறிவோம். அவற்றை வேண்டாமென்று சொல்லவில்லை. 1946இல் திரண்ட கூட்டத்தோடு ஒப்பிட்டால் அவையெல்லாம் சிறியவையே. அந்தப் பெருங்கூட்டமே ஓர் எழுத்தைக் காப்பாற்றவில்லை என்பதை மேடை போடுவோர் ஒரு கணம் எண்ணிப் பார்க்கலாம்.

நாம் பணியாற்றும் மக்தபில் சென்ற ஷஅபான் முதல் ஞாயிறு காலை அரைமணி நேரம் அரபுத் தமிழ் நடக்கிறது. பாடநூல் இல்லை. ஒரு பெரியவர் வீட்டுப் பரணிலிருந்து கிடைத்த கல்லச்சு நூலின் ஒளிநகல்தான் உள்ளது. முதலில் பதினொரு பிள்ளைகள் வந்தனர். இப்போது ஆறு பேர் வருகின்றனர். அவர்களில் இருவர் ஹிந்தித் தேர்வும் எழுதுகின்றனர். ஆதலால் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் தேர்வு நடக்கும் ஞாயிறுகளில் மட்டும் வகுப்பை அஸ்ருக்குப் பின் மாற்றி வைத்திருக்கிறோம்.