ஆச்சியின் பட்டும் எட்டுத் தடைகளும்

முக்கூடலில் பீடி சுற்றாத தெரு அபூர்வம். எங்கள் ஆச்சியும் சுற்றினாள். அந்தக் காசில் மிச்சம் பிடித்து, ஆற்றுக்குத் தென்கரையில் இருக்கும் வீரவநல்லூருக்குப் போய் ஒரு சேலை வாங்கி வந்தாள். அசல் பட்டு அல்ல. பருத்தியும் செயற்கைப் பட்டும் கலந்து கைத்தறியில் நெய்தது, கரையோரம் செடியும் பூவுமாக ஓடும். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் 'பட்டு'தான். கல்யாண வீடு என்றால் அதை மஞ்சப்பையில் மடித்து எடுத்துப்போய், அங்கே சேர்ந்த பிறகுதான் உடுத்துவாள். ஏன் என்று கேட்டால், "தெருவுல போவும்போது கண்ணை உறுத்தும்லா" என்பாள். யார் கண்ணை என்று சொன்னதில்லை.

அந்தச் செடிபுட்டா சேலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நெய்தவர்களுக்கு நியாயமான பெருமை. எனக்கு ஆச்சியின் மஞ்சப்பை ஞாபகம் வந்தது.

தோழர்களே, பட்டின் வரலாறு என்று தேடினால் சீனாவும் ஒட்டகமும் பட்டுப்பாதையும்தான் முதலில் வரும். அதை நீங்களே படித்துக்கொள்ளலாம். அந்தக் கதையில் ஓரமாக வரும் ஒரு விஷயத்தை மட்டும் இங்கே பிடித்துக்கொள்வோம். பட்டு எங்கே போனாலும், அதை யார் உடுத்தலாம் என்ற சட்டமும் கூடவே போனது. கி.மு. 199-இல் சீனப் பேரரசர் ஹான் காவ்சு வணிகர்கள் பட்டு உடுத்தக் கூடாது என்றார். கி.பி. 16-இல் ரோமாபுரி செனட், ஆண்கள் பட்டு உடுத்துவது இழிவு என்று தடை போட்டது. "பாருங்கள், எல்லா நாட்டிலும் இருந்ததுதானே" என்று நம்மிடம் சொல்ல வருபவர்களுக்கு ஒரு பதில் உண்டு. அங்கே தடை போட்டது அரசு. அரசு மாறினால், காசு சேர்ந்தால், தடையும் தளர்ந்தது. இங்கே தடையை எழுதியது பிறப்பு. காவல் காத்தது பக்கத்துத் தெரு.

தமிழ் இலக்கியத்தில் ஏழையின் உடம்பில் பட்டு ஏறும் காட்சி ஒன்று உண்டு. பொருநராற்றுப்படையில், ஈரும் பேனும் குடியிருக்கும் கந்தலோடு வரும் பொருநனுக்குக் கரிகாலன் பட்டாடை கொடுக்கிறான். அழகான காட்சிதான். ஆனால் அது பரிசில். பாடியவனுக்கு வள்ளல் மனமிரங்கிக் கொடுத்தது. உழைத்த கூலியில் ஒருவர் தாமே வாங்கி உடுத்தும் பட்டு வேறு. தமிழ் நிலத்தில் சண்டை நடந்ததெல்லாம் இந்த இரண்டாவது பட்டுக்காகத்தான்.

இன்னொன்றையும் யோசியுங்கள். 'மடி' ஆசாரத்தில் பட்டுக்குத் தீட்டு எளிதில் ஒட்டாது என்பார்கள். அந்தப் பட்டு எப்படி வருகிறது? கூட்டுக்குள் புழு உயிரோடு இருக்கும்போதே அவித்து, வெந்நீரில் போட்டு நூலை இழுக்கிறார்கள். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான உயிர்கள். செத்த மாட்டின் தோலைப் பதனிட்டவர் தீண்டத்தகாதவர். உயிரோடு புழுவை அவித்து எடுத்த துணி கருவறை வரை போகும். அந்த வெந்நீரில் கை விட்டது யார் என்றும் கேட்க வேண்டும். ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003-இல் வெளியிட்ட அறிக்கை, கர்நாடகத்தின் நூல் இழுக்கும் பட்டறைகளிலும் காஞ்சிபுரத்துத் தறிகளிலும் கடனுக்காகப் பிணைக்கப்பட்ட குழந்தைகளைப் பதிவு செய்தது. அவர்களில் பெரும்பாலோர் தலித், முஸ்லிம் குழந்தைகள்.

மறுபடி வீரவநல்லூருக்கு வருவோம். அங்கே தறி போட்டவர்கள் சௌராஷ்டிரர்கள். பழைய ஆவணங்களில் பட்டுநூல்காரர். மேற்கிந்தியாவிலிருந்து இடம்பெயர்ந்து, நாயக்கர் காலத்து மதுரையில் வேரூன்றி, நெல்லைச் சீமைக்கும் பரவியவர்கள். மந்தசோரில் 5-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. லாட நாட்டிலிருந்து வந்த பட்டு நெசவாளர் சங்கம் அங்கே சூரியனுக்குக் கோயில் கட்டியதை அது சொல்கிறது. சங்கத்தில் சிலர் வில்வித்தைக்கும் சிலர் சோதிடத்துக்கும் போனார்கள் என்றும் சொல்கிறது. நெசவாளி வேறு தொழிலுக்குப் போக முடிந்திருக்கிறது!

18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ராணி மங்கம்மாள் காலத்து மதுரையில் ஒரு வழக்கு. பூணூல் மாற்றும் சடங்கு செய்ததற்காகப் பட்டுநூல்காரர் 18 பேரைக் கைது செய்தார்கள். ராணி சாத்திரம் தெரிந்தவர்களைக் கூட்டினார். அந்த உரிமை அவர்களுக்கு உண்டு என்று முடிவாகி, ஓலையில் எழுதிக் கொடுக்கப்பட்டது. எட்கர் தர்ஸ்டன் இதைப் பதிவு செய்திருக்கிறார். சௌராஷ்டிர மக்கள் மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. தறியில் முதுகு ஒடிந்தவர்கள் அவர்கள். நான் பார்ப்பது வேறு. அரண்மனைக்கு வேண்டிய துணி அவர்கள் கையில் இருந்தது, அதனால் அவர்கள் வழக்கு அரண்மனை வரை போனது. இதே தாமிரபரணித் தண்ணீரில் நெல் விளைவித்துக் கோயில்களையும் மடங்களையும் நிரப்பிய பள்ளரும் பறையரும் எந்த ராணியிடம் போய்ச் சபை கூட்டச் சொல்ல முடிந்தது? பண்ணையாளுக்குக் களத்தில் அளந்த நெல்லோடு, வருசத்துக்கு ஒரு வேட்டி, ஒரு சேலை. துணியும் பண்ணையார் கொடுப்பதுதான். என்ன துணி என்பதும் அவர் முடிவுதான்.

தோள்சீலைப் போராட்டம் உங்களுக்குத் தெரியும். தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் பல பத்தாண்டுகள் அடி வாங்கி நடத்திய போராட்டம். அது 1859 ஜூலை 26 பிரகடனத்தோடு வென்றது என்று பாடநூல் முடித்துவிடும். பிரகடனத்தின் வாசகத்தைப் பாருங்கள். குப்பாயம் போடலாம், முரட்டுத் துணியை முக்குவப் பெண்கள் போலக் கட்டிக்கொள்ளலாம், உயர்சாதிப் பெண்களைப் போல மட்டும் உடுத்தக் கூடாது. மானத்தை மறைக்க அனுமதி கிடைத்தது, சமமாகத் தெரிய அனுமதி கிடைக்கவில்லை. துணியின் தரம்கூட அரசாணையில் வருகிறது.

அடுத்தது நமக்கு இன்னும் பக்கத்தில். 1930 டிசம்பரில் ராமநாதபுரம் ஜில்லாவில் கள்ளர்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். ஜே.எச். ஹட்டன் அவற்றை எழுதி வைத்திருக்கிறார். பொன், வெள்ளி நகை கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. முடி வெட்டிக்கொள்ளக் கூடாது. வீட்டில் மண்பாண்டம் மட்டும்தான். பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மேலுடம்பை மறைக்கக் கூடாது. பூ வைக்கக் கூடாது, மஞ்சள் பூசக் கூடாது. குடை கூடாது, செருப்பு கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன, தானியம் அழிந்தது, ஆடு மாடுகள் கொள்ளை போயின. அடுத்த வருசம் எட்டு பதினொன்றானது.

அதே 1930 டிசம்பரில் பாபாசாகேப் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் லண்டனில் இருந்தார்கள். நவம்பர் 12-இல் தொடங்கிய முதல் வட்டமேசை மாநாட்டில், ஒடுக்கப்பட்ட வகுப்பாரின் பிரதிநிதிகளாக, கோட்டு அணிந்து உட்கார்ந்திருந்தார்கள். பாபாசாகேப்பின் கோட்டைக் கிண்டல் செய்பவர்களிடம் இந்தத் தேதியைச் சொல்லுங்கள். இந்தூர் பக்கத்து பலாய் மக்களுக்கு, சரிகைக் கரைத் தலைப்பாகையும் சாயக் கரை வேட்டியும் கூடாது என்று 1928-இல் ஊர்கள் விதித்ததை 'சாதியை அழித்தொழித்தல்' நூலில் அவர் எடுத்துக்காட்டுவது சும்மா இல்லை.

பழங்கதை என்று நினைக்காதீர்கள். 1995 ஆகஸ்ட் 31, கொடியன்குளம். வளைகுடா நாட்டில் சம்பாதித்து அனுப்பிய காசில் கொஞ்சம் நிமிர்ந்த தேவேந்திரர் கிராமம். குற்றவாளிகளைத் தேடுகிறோம் என்று சுமார் 600 போலீசார் நுழைந்தார்கள். டிவி, டேப் ரெக்கார்டர், தையல் மிஷின், சைக்கிள் எல்லாம் நொறுங்கின. கிணற்றில் விஷம். படித்த பிள்ளைகளின் சான்றிதழ்களும் பாஸ்போர்ட்டுகளும் எரிந்தன. துணிமணிகளை வெளியே குவித்துத் தீ வைத்தார்கள். தேட வந்தவர்களுக்குச் சேலை மேல் என்ன கோபம்? ஆச்சி சொன்ன 'கண்ணை உறுத்தும்' என்பதன் அர்த்தம் அந்தச் செய்தியைப் படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

2012-இல் பாமக நிறுவனர் ராமதாஸ் நம் பையன்களின் ஜீன்ஸையும் டீ-சர்ட்டையும் கூலிங் கிளாஸையும் குற்றப்பட்டியலில் சேர்த்தபோது, எட்டுத் தடைகளில் மூன்றாவது எனக்கு ஞாபகம் வந்தது.

இந்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும் மாணவர்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். உங்கள் ஆச்சி, தாத்தாவிடம் உட்கார்ந்து கேளுங்கள். வீட்டில் முதல் ரவிக்கை யார் போட்டது, முதல் செருப்போடு ஊர்த் தெருவில் நடந்தது யார், முதல் பட்டு எந்தக் காசில் வந்தது, அன்றைக்கு யார் என்ன சொன்னார்கள். பெயர், வருசம், தெருவோடு குறித்துக்கொள்ளுங்கள். ராமநாதபுரத்துத் தடைகளை ஹட்டன் எழுதினார். ஆற்றங்கரை ஊர்களின் தடைகள் நம் கிழவிகள் வாயில் இருக்கின்றன. என் ஆச்சியிடம் நான் கேட்காமல் விட்டுவிட்டேன். சேலை மட்டும் இருக்கிறது, மடிப்பு மடிப்பாக இற்றுப்போய்.