தரங்கம்பாடியில் எழுதிய தெய்வ வம்சாவளி

பழைய நூலைத் தேடுவோருக்கு அது கிடைக்காமல் போவதைவிட, எளிதில் கிடைத்துவிடுவதே சில வேளை ஆபத்து. சீகன்பால்கு எழுதிய தெய்வ வம்சாவளி அத்தகைய நூல்.

1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய இந்த ஜெர்மானியப் பாதிரியார், தமிழர் வணங்கும் தெய்வங்களைப் பற்றித் தம் தாய்மொழியில் எழுதி, 1713-இல் ஜெர்மனியின் ஹாலே நகருக்கு அனுப்பினார். அங்கிருந்து மிஷன் பணிக்குத் துணைநின்ற பிராங்கே அச்சேற்ற மறுத்துவிட்டார். புறச்சமயத்தை வேரறுக்கப் போனவர்கள் அதன் கதைகளை ஐரோப்பாவில் பரப்புவதா என்பது அவர் கட்சி. (தமிழர்கள் எழுதிய சமயக் கடிதங்களின் மொழிபெயர்ப்பை வெளியிட்டதும் அதே ஹாலேதான்!) 1719-இல் ஆசிரியர் மறைந்தார். நூலை வில்ஹெல்ம் கெர்மான் என்பவர் 1867-இல்தான் சென்னையில் அச்சிட்டார்.

இரண்டே ஆண்டில், அதே சென்னையில், மெட்ஸ்கர் என்பவரின் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது. இன்று தேடுவோர் கையில் முதலில் அகப்படுவது இதுதான். தாராளமாக மொழிபெயர்த்துப் புதிய செய்திகளும் சேர்த்திருப்பதாக அதன் தலைப்புப் பக்கமே ஒளிக்காமல் சொல்கிறது. அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகிறவர்கள், 19-ஆம் நூற்றாண்டுச் சேர்க்கையை 1713-இன் சாட்சியமாக மேற்கோள் காட்டிவிடுகிறார்கள்.

இதைப் பெரிதுபடுத்தக் காரணம் உண்டு. நூல் நான்கு பகுதி: பராபரவஸ்து, மும்மூர்த்திகள், கிராம தேவதைகள், தேவர்கள். முதல் இரண்டில் உள்ளதைப் புராணங்களிலும் ஓரளவு காணலாம். மூன்றாவதுதான் புதையல். ஐயனார், மாரியம்மன், எல்லம்மன், அங்காளம்மன், பிடாரி என்று ஊர்க்காவல் தெய்வங்கள் ஒவ்வொன்றுக்கும் உருவம், கோயில், வழிபாடு எனச் சீகன்பால்கு தனித்தனியே எழுதுகிறார். ஏடுகளைத் திரட்டி 1708-இலேயே நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களுக்குப் பட்டியல் போட்டவர் அவர். ஏட்டோடு நில்லாமல் ஊராரிடமும் கேட்டெழுதினார். அவர் நோக்கம் மதமாற்றம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் கேட்டதைப் பதிவு செய்வதில் அவர் காட்டிய பொறுமை, பின்வந்த பலரிடம் இல்லை.

1713-இன் மூலவடிவத்தை டேனியல் ஜெயராஜ் 2003-இல் ஹாலேயில் பதிப்பித்தார். 2005-இல் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பையும் தந்தார். தேட வேண்டியவை இவ்விரண்டே. மெட்ஸ்கரை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் வருந்த வேண்டாம்: ஐயனார் பகுதியை 2005-ஆம் ஆண்டு நூலோடு வரிக்கு வரி ஒப்பிட்டால், எவை பிற்காலத்தார் சேர்த்தவை என்று தாமே குறித்துக்கொள்ளலாம்.