பதிப்பெண் இல்லாத நூல்

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து புறப்பட்டு எங்கள் ஊருக்கு அருகிலுள்ள வாலாஜா ரோடு வரை வந்தது. அந்த நிலையத்துக்கு அன்று ஆற்காடு என்றே பெயர். ராணிப்பேட்டைக்காரர்கள் இதைச் சற்றுப் பெருமையோடு சொல்லிக்கொள்வது வழக்கம். ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து லினக்ஸ் இயங்குதளம் எங்களிடம் வந்தபோது அந்த ஆரவாரம் ஏதும் இல்லை. அஞ்சல்காரரின் பையில், காகித உறைக்குள், ஒரு குறுந்தகடாக அது வந்தது. 2004 அக்டோபரில் முதல் வெளியீடு கண்ட உபுண்டு, கேட்டவர்க்கெல்லாம் குறுந்தகடுகளை இலவசமாக அனுப்பும் திட்டமொன்றை 2011 வரை நடத்தி வந்தது. இணைய வேகம் குறைந்த சிறுநகரங்களுக்கு அது பெரும் உதவி.

அக்குறுந்தகட்டின் உறையில் ஓர் எண் இருக்கும். 6.06 என்றால் 2006 ஆம் ஆண்டின் ஆறாம் மாதம் வெளிவந்தது என்று பொருள். நூலின் முதற் பக்கத்தில் முதற்பதிப்பு, இரண்டாம் பதிப்பு என்று பார்த்துப் பழகிய எங்களைப் போன்றோருக்கு அந்த எண் உடனே விளங்கியது. இக்கட்டுரையோ அத்தகைய எண் எதுவும் இல்லாத லினக்ஸ் வழங்கல்களைப் பற்றியது. ரோலிங் ரிலீஸ் என்று ஆங்கிலத்தில் வழங்குவதை உருளும் வெளியீடு எனத் தமிழாக்கலாம். ஒருமுறை நிறுவிவிட்டால் அதற்குப் புதிய பதிப்பு என்று ஒன்று வருவதில்லை. மென்பொருள்கள் புதுப்பிக்கப்படுந்தோறும் அவை சிறு சிறு பொதிகளாக நாள்தோறும் வந்து பழையவற்றின் இடத்தில் அமர்ந்துகொள்கின்றன.

இலக்கிய வாசகர்களுக்கு இது புதிய செய்தியன்று. 1887 இல் உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய காலத்துக்குப் பின்னரே அந்நூலுக்குப் பதிப்பு என்ற ஒன்று வாய்த்தது. அதற்கு முன் பல நூற்றாண்டுகள் அது ஏட்டில் வாழ்ந்தது. பனையோலை நெடுங்காலம் நிலைப்பதன்று. பழுதுபடும் முன்னே யாரேனும் ஒருவர் அமர்ந்து புதிய ஏட்டில் பெயர்த்தெழுத வேண்டும். பெயர்த்தெழுதுபவர் சில பிழைகளைத் திருத்துவார். சில பிழைகளைத் தாமே சேர்ப்பார். எவரும் பெயர்த்தெழுதாத நூல் இறந்துபோயிற்று. உருளும் வழங்கலின் இயல்பும் இதுவே என்பது எங்கள் கருத்து. அதன் உயிர் தொடர்ந்து கவனிப்பவரின் கையில் இருக்கின்றது.

இவ்வழக்கம் எங்கிருந்து தோன்றியது என்று பார்ப்போம். 1991 இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருவை அறிவித்தார். 1993 ஆகஸ்டில் இயான் முர்டாக் டெபியனைத் தொடங்கினார். டெபியனுக்கு நிலையான பதிப்பு ஒன்றும், மாற்றங்கள் முதலில் வந்து விழும் நிலையற்ற கிளை ஒன்றும் உண்டு. நிலையற்ற கிளைக்கு சிட் என்று பெயர். டாய் ஸ்டோரி திரைப்படத்தில் பொம்மைகளை உடைக்கும் பக்கத்து வீட்டுச் சிறுவனின் பெயர் அது. பெயரிலேயே எச்சரிக்கையை வைத்தார்கள். ஆயினும் அக்கிளையையே அன்றாடக் கணினியில் வைத்துக்கொண்டோர் பலர் இருந்தனர்.

2002 ஆம் ஆண்டின் மார்ச் மாதம் இவ்வரலாற்றில் குறிப்பிடத்தக்கது. மார்ச் 11 இல் கனடாவைச் சேர்ந்த ஜட் வினெட், ஆர்ச் லினக்ஸின் முதல் வெளியீட்டைத் தந்தார். அதே மாத இறுதியில் டேனியல் ராபின்ஸின் ஜென்டூ தன் 1.0 வெளியீட்டை எட்டியது. ஜென்டூ ஒவ்வொரு மென்பொருளையும் மூலநிரலிலிருந்து பயனரின் கணினியிலேயே தொகுத்துக்கொள்ளும் முறையைக் கொண்டது. வினெட், கிரக்ஸ் என்னும் எளிய வழங்கலால் கவரப்பட்டவர். பொதிகளைக் கையாளும் பேக்மேன் என்ற நிரலைத் தாமே எழுதி, ஆயத்தமான பொதிகளைத் தரும் வழியைத் தெரிந்துகொண்டார். தொடக்கத்தில் ஆர்ச்சின் நிறுவல் தட்டுகளுக்கும் எண்கள் இருந்தன. 2007 இல் அவை மறைந்து தேதி மட்டுமே எஞ்சியது. அவ்வாண்டே வினெட் விலக, ஆரன் கிரிஃபின் பொறுப்பேற்றார். 2020 இல் லெவென்டே போல்யாக் வந்தார். தொடங்கியவர் விலகிய பின்னும் பணி நின்றுவிடவில்லை. ஓப்பன்சூசேயின் டம்பிள்வீட் 2010 இல் கிரெக் குரோவா-ஹார்ட்மனால் தொடங்கப்பட்டு, 2014 இல் அத்திட்டத்தின் வளர்ச்சிக் கிளையோடு இணைந்தது. ஒவ்வொரு தொகுப்பையும் வெளிவிடும் முன் ஓப்பன்கியூஏ என்னும் கருவி தானியங்கியாக நிறுவிச் சோதிப்பது அதன் சிறப்பு.

இவையெல்லாம் எங்களுக்கு நெடுநாள் கேள்விச் செய்திகளாகவே இருந்தன. உருளும் வழங்கலுக்கு அறாத இணையம் வேண்டும். பிஎஸ்என்எல் நிறுவனத்தின் டேட்டாஒன் அகலப்பட்டை 2005 ஜனவரியில் அறிமுகமானபோது அடிப்படை வேகம் 256 கிலோபிட். நூறு மெகாபைட் இறங்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை அளவின்றி இறக்கலாம் என்ற சலுகைத் திட்டம் வந்தபோது, அலாரம் வைத்து எழுந்து இறக்கத்தைத் தொடங்கிவிட்டு மீண்டும் உறங்கியவர்களை நாங்கள் அறிவோம். அக்காலத்தில் எண் அச்சிட்ட குறுந்தகடே எங்களுக்கு ஏற்றது.

அரசும் லினக்ஸைக் கொண்டுவந்தது. சி-டாக் உருவாக்கிய, டெபியனை அடிப்படையாகக் கொண்ட பாஸ் லினக்ஸ் 2007 இல் வெளியானது. 2011 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இடம்பெற்றது. அன்றைய வேலூர் மாவட்டத்தில், இன்று ராணிப்பேட்டை மாவட்டமாகப் பிரிந்துள்ள இப்பகுதியின் அரசுப் பள்ளி மாணவர்கள் வீட்டுக்கும் அக்கணினிகள் வந்தன. முதன்முதலாகக் கணினி கண்ட வீடுகள் அவற்றில் பல. லினக்ஸ் அவ்வீடுகளுக்குள் வந்தது. ஆனால் வந்த அன்று இருந்தபடியே இருந்தது. அதைப் புதுப்பிக்கலாம் என்பதைச் சொல்லித்தர நாங்கள் அறிந்த வீடுகளில் ஒருவரும் இல்லை.

அப்படிப்பட்ட மடிக்கணினி ஒன்று எங்கள் நண்பர் ஒருவரின் தங்கை வீட்டுப் பரணிலிருந்து எங்களிடம் வந்தது. பழைய நூல்களைத் தட்டச்சு செய்து மெய்ப்புப் பார்க்க ஒரு கணினி வேண்டியிருந்தது. உருளும் வழங்கல் ஒன்றை அதில் நிறுவ முடிவு செய்தோம்.

நிறுவும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறோம். இறக்கிய தட்டுப்படிமத்தை யூஎஸ்பி கோலில் எழுதி, அதிலிருந்து கணினியை எழுப்ப வேண்டும். கறுப்புத் திரையில் ஒரு கட்டளை வரி தோன்றும். வன்தட்டைப் பிரித்து, கோப்பு முறைமையை உருவாக்கி, ஓரிடத்தில் ஏற்றி, அடிப்படைப் பொதிகளை அதற்குள் இறக்கி, எந்தப் பிரிவு எங்கே ஏற வேண்டும் என்ற அட்டவணையை எழுதி, புதிய அமைப்பின் உள்ளே நுழைந்து, நேர வலயம், மொழி, கடவுச்சொல், துவக்க நிரல் ஆகியவற்றை அமைக்க வேண்டும். ஆர்ச் லினக்ஸில் இதற்கு வழிகாட்டும் நிரலொன்று 2021 முதல் நிறுவல் தட்டிலேயே கிடைக்கின்றது. எனினும் கையால் செய்தால் கணினிக்குள் எது எங்கே இருக்கின்றது என்பது தெரிந்துவிடும். பின்னாளில் பழுது நேரும்போது அந்த அறிவே துணை நிற்கும்.

இங்கே ஒரு முரணைக் குறிக்க வேண்டும். லினக்ஸின் கறுப்புத் திரை தமிழ் எழுத்துகளை ஒழுங்காகக் காட்ட வல்லதன்று. கொம்பும் காலும் எழுத்தோடு சேர்ந்து அமைவதற்கு வேண்டிய எழுத்துருவாக்கம் வரைகலைச் சூழலில்தான் நிகழ்கின்றது. ஆகவே தமிழ்க் கணினி ஒன்றை அமைக்க விரும்புபவர் ஆங்கில வாயில் வழியாகவே உள்ளே நுழைகின்றார். உள்ளே சென்று, தமிழ் எழுத்துருக்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் நிறுவி, மொழியைத் தமிழ் என்று மாற்றிய பிறகுதான் கோப்பு, அடைவு, சாளரம் என்ற சொற்கள் திரையில் தோன்றுகின்றன. எங்கள் திரையில் அவை தோன்றிய மாலை எங்களுக்கு நினைவிருக்கின்றது.

நிறுவுதல் ஒரு மாலை வேலை. ஓட்டுதல் அன்றாட வேலை. இதை நாங்கள் பட்டறிந்தோம். வேலைப் பளுவில் ஓராண்டுக்கும் மேலாக அக்கணினியைத் திறக்கவில்லை. திறந்து புதுப்பிக்க முயன்றபோது பொதிகளின் கையொப்பம் நம்பத்தக்கதன்று என்று சொல்லி மறுத்துவிட்டது. பழுது எதுவும் இல்லை. பொதிகளில் கையொப்பமிடுவோர் இடையில் மாறியிருந்தனர். அவர்களின் திறவுகோல்கள் எங்கள் கணினிக்குத் தெரியாது. முதலில் திறவுகோல் தொகுப்பை மட்டும் புதுப்பித்து, பிறகு முழு அமைப்பையும் புதுப்பிக்க, எல்லாம் சரியாயிற்று. ஒரு பாதியைப் புதுப்பித்து மறுபாதியை அப்படியே விடலாகாது, அறிவிப்புகளைப் படித்த பின்பே புதுப்பிக்க வேண்டும், பழைய பொதிகளைச் சிலகாலம் சேமித்து வைக்க வேண்டும் என்ற பாடங்களை அன்று கற்றோம்.

ஆனால் வேறொன்று சரியாகவில்லை. முன்பு தமிழில் இருந்த சில பட்டிகள் இப்போது ஆங்கிலத்தில் இருந்தன. காரணத்தைத் தேடிச் சென்றதே இக்கட்டுரை எழுத எங்களைத் தூண்டியது.

கட்டற்ற மென்பொருள்களின் மொழிபெயர்ப்பு பெரும்பாலும் கெட்டெக்ஸ்ட் என்னும் முறையில் நிகழ்கின்றது. ஒரு கோப்பில் ஆங்கிலத் தொடரும் அதன் கீழே தமிழ்த் தொடரும் இணையிணையாக நிற்கும். நிரலாளர் ஆங்கிலத் தொடரில் ஒரு சொல்லை மாற்றினாலும், அதற்குரிய தமிழ்த் தொடர் ஐயத்துக்குரியது என்று குறிக்கப்படும். குறி இருக்கும்வரை அத்தமிழ் திரையில் வராது, ஆங்கிலமே வரும். ஒருவர் வந்து, படித்து, திருத்தி, குறியை நீக்க வேண்டும். மென்பொருள் உருண்டுகொண்டே இருக்க, மொழிபெயர்ப்பாளர் நின்றுவிட்டால், தமிழ் ஒரே நாளில் மறைவதில்லை. வரி வரியாக உதிர்கின்றது. க்னோம் சூழலில் எண்பது விழுக்காடு மொழிபெயர்க்கப்பட்ட மொழியே ஆதரவு பெற்ற மொழியாகக் கொள்ளப்படும். ஆறு மாதத்துக்கு ஒரு வெளியீடு. ஒவ்வொன்றிலும் புதிய தொடர்கள். எனவே ஒருமுறை எட்டிய எண்பது என்றும் எண்பதாக இராது.

2000 ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் தமிழகம், இலங்கை, புலம்பெயர் நாடுகள் எங்கும் இருந்த தன்னார்வலர்கள் யாகூ குழுக்களில் கூடி, கேடிஇ, க்னோம் சூழல்களைத் தமிழாக்கத் தொடங்கினர். ஒவ்வொரு சொல்லுக்கும் விவாதம் நடந்தது. இன்று நாம் இயல்பாக எழுதும் கணினிச் சொற்கள் பல அவ்விவாதங்களின் ஊடே நிலைபெற்றவை. யாகூ குழுக்கள் சேவை 2020 டிசம்பரில் மூடப்பட்டது. சொற்கள் எஞ்சின, அவை தெரிவுசெய்யப்பட்ட விவாதங்களை இன்று தேடிப் பிடிப்பது எளிதன்று.

கவனிப்பவர் களைத்துப்போனால் நேர்வதை உலகம் 2024 மார்ச் 29 இல் கண்டது. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற சிறு மென்பொருளின் 5.6.0, 5.6.1 வெளியீடுகளில் மறைவான பின்வாசல் ஒன்று இருப்பதை ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்னும் பொறியாளர் அன்று அறிவித்தார். டெபியன் சிட் கணினியில் தொலைநுழைவு அரை விநாடி தாமதமாவதைக் கண்டு அவர் ஆராய்ந்ததன் பயன் அது. அம்மென்பொருளை நெடுங்காலம் ஏறத்தாழத் தனியராகப் பேணிவந்தவர் லாசே கொலின். அவருடைய களைப்பைப் பயன்படுத்தி, உதவ வந்தவர் போல ஈராண்டுக்கும் மேலாகப் பழகி நம்பிக்கை பெற்ற ஒருவரே நஞ்சை இட்டார். நிலையான பதிப்புகளுக்குள் அது நுழையவில்லை. உருளும் கிளைகளே அதை முதலில் பெற்றன. உருளும் வழங்கல் ஆபத்தானது என்பதற்கு இது சான்று எனலாம். அங்கே விழிப்போடு ஒருவர் இருந்ததால்தான் நிலையான பதிப்புகள் தப்பின என்றும் கூறலாம். இரண்டும் உண்மையே.

2025 அக்டோபர் 14 இல் விண்டோஸ் 10 க்கான பொது ஆதரவு முடிவுற்றது. எங்கள் ஊரின் அச்சகங்களிலும், டேனரிகளின் கணக்கு அறைகளிலும், அடுத்த பதிப்பை ஏற்க இயலாத நல்ல கணினிகள் பல உள்ளன. அவற்றுக்கு எந்த லினக்ஸ் என்று கேட்போருக்கு எங்கள் விடை இதுதான். மாதக் கணக்கு முடிக்க வேண்டிய கணினிக்கு, எண் அச்சிட்ட, நிலையான பதிப்பே போதும். வாரத்துக்கு அரை மணி நேரம் ஒதுக்கிக் கவனிக்க ஒருவர் இருக்கும் வீட்டுக்கு உருளும் வழங்கல் ஏற்றது.

1996 ஆகஸ்ட் 28 இல் பாலாற்று மாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தைக் கட்டுவதோடு கடமை முடிவதில்லை, நாள்தோறும் அது ஓட வேண்டும் என்பது எங்கள் ஊரார் ஒவ்வொருவருக்கும் தெரியும். கணினியில் தமிழும் அத்தகையதே. அதை நிறுவியவர்களுக்கு நன்றி சொல்லிவிட்டோம்; ஓட்ட ஆள் வேண்டும். எங்கள் குழுவில் மூவர் ஞாயிற்றுக்கிழமை காலைகளில், நாங்கள் பயன்படுத்தும் உரைதிருத்தியின் ஐயத்துக்குரிய தொடர்களை எடுத்துத் திருத்தத் தொடங்கியிருக்கிறோம். சென்ற வாரம் பதினொரு தொடர்களில் குறி நீங்கியது. இலக்கணமும் பொறுமையும் உடைய வாசக நண்பர்களுக்கு நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஏடு பெயர்த்தெழுதத் தெரிந்தால் போதும்.